பாத்தாளா, பாக்காம அமுக்குனாளா

பொருந்தலையாம். என் மூஞ்சி எனக்கே பொருந்தலையாம். கேட்டுச் சுவத்துல ஒரு சாண் ஒசரத்துக்குக் கண்ணாடிப் பலகை ஒண்ணு மாட்டி வெச்சிருக்கானுங்க. அதுக்குள்ளருந்து ஒரு பொம்பள, நியூஸ் வாசிக்கிறவ மாதிரி, “முகம் பொருந்தவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்”ன்னு சொல்றா, பலகை செவப்பா எரிஞ்சு அணையுது. யாருடி நீ? எந்த ஊரு ஒனக்கு? நான் ஒம்போது வருசமா இந்த சர்வீஸ் கேட்டுல போறவ வரவ. இந்த பில்டிங்குல லிஃப்ட்டு ஓடறதுக்கு முன்னாடியே ஏழு மாடி படியேறி சிமென்ட்டுத் தூசியப் பெருக்கித் தள்ளினவ. நீ சுவத்துல ஏறி ரெண்டு வருசங்கூட ஆகல, என்னை யாருன்னு கேக்கற. தணிகாசலம் பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கினு என்னைப் பாக்காம ரோட்டைப் பாக்கறாரு. கேட்டு செக்யூரிட்டி அவருதான். “எனக்குத் தெரியாதாம்மா ஒன்னை? ஆனா மெஷினு சொல்லணுமே”ன்றாரு. மெஷினு சொல்லணுமாம். மணி எட்டு பத்து. எட்டரைக்கு பி எழுநூத்தி நாலுல நான் தொடப்பத்தோட நிக்கணும். மூணு வாட்டி செவப்பு எரிஞ்சா எம்பேரு பூட்டிக்கும், பூட்டிக்கிச்சுன்னா புது ஆளாத்தான் பதியணும், புது ஆளுன்னா மூணு மாசத்துக்கு போறப்பவும் வரப்பவும் பையைத் தொறந்து காட்டணும். ஒம்போது வருசத்துக்கு முன்னாடியே காட்டி முடிச்ச பை இது. இன்னொரு வாட்டி தொறக்க மாட்டேன். இது வரைக்கும் ஒரு செவப்புதான் எரிஞ்சிருக்குது. ரெண்டு பாக்கி.

தலைதான் காரணம், அது எனக்குத் தெரியும், எவனும் ஜோசியம் சொல்லத் தேவையில்ல. ஞாயித்துக்கெழமை பெரியபாளையத்து அம்மன் கோயில்ல மொட்டை போட்டுக்கினேன். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. வழிக்கிறவரு ஒரு சொம்பு தண்ணிய உச்சியில ஊத்தி, “குனிம்மா”ன்னு கழுத்த அமுக்கிப் புடிச்சாரு, சர்ரு சர்ருன்னு சத்தம் காதுக்கு உள்ளாரயே கேட்டுச்சு, மடியில ஈரமா கனமா வந்து விழுந்துச்சு முடி, எவ்ளோ கனம், இத்தயா இத்தினி வருசம் தூக்கிக்கினு ஏழு மாடி ஏறினோம்னு இருந்துச்சு. அப்பால சந்தனம். அந்த ஜில்லு உச்சந்தலையில எறங்கி முதுகு வரைக்கும் போச்சு, யம்மா, நாப்பத்தாறு வயசுல அப்பிடி ஒரு ஜில்லு எனக்குத் தெரியாது. இப்போ அதே தலையில வெயில் ஏறுது. காஞ்ச சந்தனம் காதுக்குப் பின்னாடி அரிக்குது. சொறிஞ்சா மேஸ்திரி, எலக்ட்ரிஷியன்னு போறவன் வரவன் எல்லாம் திரும்பிப் பாக்கறான், பாக்கட்டுமே, பொம்பள மண்டைய இவனுங்க பாத்ததேயில்ல போல. கோயில்லருந்து திரும்பறப்போ பஸ்ஸுல ஒத்தி, “இன்னாக்கா, வூட்டுக்காரரு தவறிட்டாரா?”ன்னா. அவன் போயி பன்னெண்டு வருசமாச்சு, அவனுக்காக நான் ஒரு முடி கூட புடுங்கித் தரல. இது எனக்கு. எனக்காக நானே வேண்டிக்கினது. சித்திரையில ஒரு நாளு எழுநூத்தி நாலு பாத்ரூம்ல மாப்புத் துணிய முறுக்கிப் புழியறேன், இடது மாரு ஓரத்துல கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு கைக்குப் பட்டுச்சு. அதுலருந்து படுத்தா கோலி, எழுந்தா கோலி. ஆஸ்பத்திரியில ஊசி வுட்டு சதை எடுத்துட்டு, ரிசல்ட்டு போனுக்கு வரும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு சாம்பாரு குண்டானத் தேச்சுக்கினே சொன்னேன், தாயே, உசுர நீ எனக்கு வுட்டுக் குடு, மயிர நான் ஒனக்குக் குடுத்துடறேன்னு. அவ குடுத்தா, நானும் குடுத்தேன். நடுவுல இந்த சுவத்துப் பொம்பளைக்கு இன்னா வேலை?

ஆனா ஒரு வெசயம், இவனுங்களுக்கு எப்பவுமே எங்கிட்டருந்து ஒண்ணு வேணும். மொதல்ல வெரலு கேட்டானுங்க. வெரல் வெச்சா கேட்டுத் தொறக்கும்னு ஒரு மெஷினு வந்துச்சு, எங்கள்ல பாதிப் பேருக்கு அது தொறக்கல. பாத்திர சோப்பு ரேகையத் தின்னுடுச்சு. மேரிக்கு இல்ல, கன்னியம்மாவுக்கு இல்ல, எனக்கு பெருவெரல்ல கொஞ்சம் இருந்துச்சு, அதுவும் வெள்ளிக்கெழமை வேலை செய்யாது, பித்தாள வெளக்கு தேய்க்கற நாளு. மெஷினு மாட்ட வந்தவன் வெரல மாத்தி மாத்தி வெச்சுப் பாத்துட்டு, “என்னம்மா, ஒண்ணுமே இல்லையே கையில”ன்னான். எப்படிடா இருக்கும்? எல்லாம் இந்த பில்டிங்கு தட்டுல கீது, போயி தேடு. அப்பால மூஞ்சி கேட்டானுங்க. நிமிந்து பாரு, சிரிக்காத, பொட்டை எடு, பரவால்ல வெச்சிக்கோ, பேரு சொல்லுன்னான். தேசராணின்னேன். எங்க ஆயி அப்பன் ஆசையா வெச்ச பேரு. “தேச... என்னது? ராணின்னு போட்டுக்கறேன்”ன்னான். ராணி ஏற்கெனவே மூணு பேரு இருந்தாளுங்க. அதனால பலகையில நான் ராணி நாலு. மூஞ்சி பொருந்துச்சுன்னா பச்ச வெளக்கு எரிஞ்சு, “நல்வரவு, ராணி நாலு”ன்னு சொல்லும். மொத நாளு கேட்டப்போ எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். கூவத்தாண்டருந்து குடிசையக் காலி பண்ணி எங்கள லாரியில ஏத்திக் கண்ணகி நகருக்குக் கொண்டாந்தாங்களே, அப்பவும் இப்பிடித்தான், சிலேட்டுல நம்பரு எழுதி நெஞ்சுக்கு நேரா புடிச்சுக்கினு நிக்க வெச்சு போட்டோ. எனக்கு அப்போ இருவத்தொண்ணு வயசு, இடுப்புல எம் பொண்ணு. போட்டோவுல அவ சிலேட்ட நக்கிக்கினு இருப்பா. நம்பரு பாதி அழிஞ்சு போச்சு. வெரலு போச்சு, மூஞ்சி போச்சு, அப்பால இன்னா கேப்பானுங்க, நெழலையா?

மேரி வந்தா. சி பிளாக்குல நாலு வூடு அவளுக்கு, என்னோடயேதான் ஷேர் ஆட்டோவுல வருவா, இன்னிக்குப் பின்னாடி ஆட்டோ. வந்தவ என் தலையப் பாத்து, “அய்ய, அம்சமா கீதுடி ஒனக்கு, மண்டை உருண்டையா”ன்னா. பலகைக்கு நேரா மூஞ்சியக் காட்டினா. டிங்குன்னு பச்ச. “நல்வரவு, மேரி.” அவ உள்ள போயிருக்கலாம், போகல. எனக்காக நின்னா, அதான் மேரி. அப்பால அவளுக்கு ஒரு யோசனை வந்துச்சு பாரு. கொண்டையில கைய வுட்டு ஊசிய எடுத்து, சவுரிய அப்பிடியே உருவி எங்கையில குடுக்கறா. “நெத்திக்கு மேல இதப் புடிச்சிக்கோ, அதுக்கு இன்னா தெரியப் போவுது, கண்ணாடிதானே.” தணிகாசலம் அந்தப் பக்கம் திரும்பிக்கினாரு, சிரிப்ப அடக்கிக்கினு தோளு குலுங்குது. நான் இன்னா பண்ணேன்? வெக்கமாத்தான் கீது சொல்றதுக்கு. வாங்கினேன். மேரி வேர்வையும் தேங்கா எண்ணெயுமா இருந்த அந்த சவுரிய நெத்தி மேல ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு, மெஷினு முன்னாடி போயி நின்னேன், இஸ்கூல் டிராமாவுல வேஷங்கட்டின மாதிரி. சிரிக்காத, நிமிந்து பாருன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். செவப்பு. “முகம் பொருந்தவில்லை.” ரெண்டாவது. மேரி, “சனியன் புடிச்சது, உஷாரா கீது”ன்னு சொல்லிட்டு சவுரிய வாங்கி சொருகிக்கினு போயிட்டா, அவளுக்கும் எட்டரை வூடு கீது. நான் நிக்கறேன். கை ரெண்டும் எண்ணெய் நாத்தம். அந்த நாத்தந்தான் இப்போ என்னை எரிக்குது, வெயிலு இல்ல. அம்மனுக்கு நேரா குனிஞ்சு குடுத்த முடிய, ஒரு கண்ணாடிப் பலகைக்குப் பயந்து அடுத்தவ தலையிலருந்து கடன் வாங்கிக் காட்டினேனே. அதத்தான் பண்ணியிருக்கக் கூடாது. செவப்பு எரிஞ்சது சரிதான், அந்த நிமிசம் அது நான் இல்லதான்.

பலகை அணைஞ்சா கறுப்பாயிடும், அதுல மூஞ்சி தெரியும். தெரியுது இப்போ. காது பெருசா கீது. இத்தினி நாளு முடிக்குள்ள ஒளிஞ்சிருந்த காது. நெத்தியில பழைய தழும்பு ஒண்ணு, அம்மி இடிச்சது, அதுவும் வெளிய வந்துடுச்சு. இது யாரு? ஒரு நிமிசம் எனக்கே திக்குன்னுச்சு. ஒருவேள அந்தப் பொம்பள சொல்றதுதான் சரியோ, ஊசி வுட்ட அன்னிக்கு உள்ள போனவ வேற, வெளிய வந்தவ வேறயோ. சீ, வாய மூடு. கோலிக்குண்டு இப்பவும் அங்கதான் கீது, காலையில கூட தொட்டுப் பாத்தேன், ஒண்ணும் பண்ணாதாம், அப்பிடியே இருக்கட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அந்த கோலிக்குத் தெரியும் நான் யாருன்னு. தணிகாசலம் என்னைப் பாத்து, “இரும்மா, ஒரு வழி கீது”ன்னாரு. ஆபீஸு குடுத்த போன எடுத்து என்னை ஒரு போட்டோ புடிச்சாரு. அதுல விருந்தாளின்னு ஒரு பொத்தானு இருக்குதாம். வேலக்காரின்னா மெஷினு சொல்லணும், விருந்தாளின்னா வூட்டுக்காரங்க சொன்னாப் போதும். எம்பேரு எழுநூத்தி நாலுக்குக் கீழதான் பதிஞ்சிருக்கு, அதனால போட்டோ பார்கவி மேடம் போனுக்குப் போவும், அவங்க சரின்னு அமுக்கினா கேட்டுத் தொறந்துக்கும். ஒம்போது வருசத்துல மொத வாட்டியா நான் விருந்தாளி. சிரிப்பு வந்துச்சு எனக்கு. போன எங்கையிலயே குடுத்து, “நீயே பாரு”ன்னாரு. வட்டம் சுத்துது. காம்பவுண்டு ஓரம் சிக்னல் நொண்டும், எதிர் ஹாஸ்டல் மொட்டை மாடியில டவரு நிக்குது, ஆனாலும் நொண்டும். சுத்துது. மேடம் இப்போ இன்னா பண்ணிக்கினு இருப்பாங்க, திங்கக்கெழமை எட்டு மணி மீட்டிங்கு, காதுல வெள்ளையா அதச் சொருவிக்கினு, காப்பி கப்பை சோபா கைப்புடியில வெச்சிருப்பாங்க, தட்டி வுட்ருவாங்க, நான்தான் தொடைக்கணும். சுத்துது. டிங்கு. செவப்புல ஒரு பெருக்கல் குறி. பி எழுநூத்தி நாலு, அனுமதி மறுப்பு.

மறுப்பு. பாத்தாளா, பாக்காம அமுக்குனாளா? இதத் தாண்டி எனக்கு வேற எதுவும் ஓட மாட்டேங்குது. பாக்காம அமுக்கியிருந்தா, சரி, வேலை மும்முரம், ஈ மொய்ச்சா தட்டற மாதிரி வெரலால தட்டி வுட்டுட்டா, அது ஒண்ணு. பாத்துட்டு அமுக்கியிருந்தா? அவ பொண்ணு தியா பொறந்து பதினாறாம் நாளு மஞ்சப் பூசிக் குளிப்பாட்டினது இந்தக் கை. மேடத்துக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தப்போ மாருல முட்டைக்கோசு எலைய வெச்சுக் கட்டினது நானு. எம் மூஞ்சிக்கு இத்தினி கிட்டத்துல அவ மூஞ்சி இருந்திருக்குது, அழுதிருக்குது. முடி போனா மூஞ்சியும் போயிடுமா? பாக்காம அமுக்கியிருந்தா நல்லதா, பாத்து அமுக்கியிருந்தா நல்லதா, எது கம்மியா வலிக்கும்னு யோசிக்கறேன் பாரு, பைத்தியக்காரி. இல்ல, மூணாவது ஒண்ணும் கீது. பாத்து, நான்தான்னு தெரிஞ்சு, காலங்காத்தால மொட்டைப் பொம்பள மூஞ்சியில முழிக்கறதான்னு அமுக்கியிருந்தா? மாட்டா, அவ அந்த மாதிரி கெடையாது. எப்பிடித் தெரியும் எனக்கு? எங்கிட்ட அவ பேசி எவ்ளோ நாளாச்சு? எல்லாம் போனுதான். பக்கத்து ரூம்புல உக்காந்துக்கினு, “ராணி, டீ”ன்னு போன்ல அனுப்புவா. லீவு கேட்டு நான் வாய்ஸு அனுப்பினா கட்டை வெரல் ஒண்ணு வரும். ஆஸ்பத்திரி போறேன் மேடம், கட்டை வெரலு. கோயிலுக்குப் போறேன் மேடம், கட்டை வெரலு. எதுக்கு ஆஸ்பத்திரின்னு ஒரு வார்த்தை? சரி, போன் பண்ணிக் கேட்டுடலாம்னு எம் போன்லருந்து அடிச்சேன். ரெண்டு ரிங்கு, கட்டு. இங்கிலீஷ்ல ஒரு மெசேஜு வந்துச்சு, “மீட்டிங்ல இருக்காங்களாம், அப்பால பேசறாங்களாம், அது தானா வரதும்மா”ன்னாரு தணிகாசலம். தானா வரது. பாத்தாளா, பாக்காம அமுக்குனாளா.

ஆனா கெட்டதுக்கு மட்டுந்தான் இந்த போனுன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா நாக்கு அழுவிடும். ரிசல்ட்டு வந்த அன்னிக்கு மெசேஜுல நீலக் கலர்ல ஒரு லிங்க்கு, அமுக்கினா சுத்துது, எங்க வூட்டுல சிக்னல் இல்ல, ஜன்னல்ல கைய நீட்டினேன், மாடிக்கு ஏறினேன், பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன், சுத்துது. எம் போனு பழசு, டேட்டாவும் தீந்துடுச்சு. உசுரு இருக்கா இல்லையான்னு அதுக்குள்ள எழுதியிருக்குது, தொறக்க மாட்டேங்குது. இந்த கேட்டாண்டதான் வந்து நின்னேன். தணிகாசலம் ஒண்ணும் கேக்கல. அவரு போன்லருந்து ஹாட்ஸ்பாட்டு போட்டு வுட்டாரு. தொறந்துச்சு. எல்லாம் இங்கிலீஷு. அவரு லாரி ஓட்டி நாலு ஸ்டேட்டு சுத்தினவரு, கண்ணாடியப் போட்டுக்கினு எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படிச்சாரு, பாதியில கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. “கேன்சர் இல்லம்மா, போட்டிருக்கான் பாரு, இல்லன்னு”ன்னாரு. ஜெனரேட்டர் ரூம்பு பின்னாடி போயி உக்காந்து அழுதேன், அந்த எரைச்சல்ல எவனுக்கும் கேக்காது. அந்த ஜெனரேட்டர் பின்னாடிதான் எங்களுக்கு கக்கூசும். ஒரு நாளு மேடம் கேட்டா, “ராணி, எட்டு முப்பத்திரெண்டுக்கு கேட்டுல என்ட்ரி ஆயிருக்கு, நீ வந்தது எட்டு நாப்பத்தஞ்சு. நடுவுல பதிமூணு நிமிஷம் எங்க இருந்தே?” போன்ல எல்லாம் தெரியுதாம். கக்கூசுல இருந்தேன் மேடம்ன்னேன். மூஞ்சி செவந்துடுச்சு அவளுக்கு, எனக்கில்ல. கேட்டுல நுழஞ்சது தெரியுது, வெளிய போனது தெரியுது, பதிமூணு நிமிசம் தெரியுது. நாப்பது நாளு நான் செத்துப் பொழச்சது எந்த போன்லயும் வரல. அது தெரிஞ்ச ஒரே மனுசன் இந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருக்கிறவரு, அவராலயும் கேட்டைத் தொறக்க முடியல.

“புது ஆளா பதிஞ்சிடலாம்மா. ரெண்டு நிமிசம். மூணாவது வாட்டி காட்டி பூட்டிக்கினா அசோசியேஷன் வரைக்கும் போவும், பேஜாரு”ன்றாரு. சொல்லும்போதே பலகையில என்னமோ தொட்டுட்டாரு, புது பதிவு, வட்டம் சுத்துது. அந்த வட்டத்தையே பாக்கறேன். புது ஆளு. பேரு இன்னா போடுவானுங்க, ராணி ஏழா? புது ஆளுன்னா வூட்டுக்காரங்க போன்ல நம்ம வேலைக்குப் போடற ஸ்டாரு இல்ல. எனக்கு நாலே முக்கா ஸ்டாரு கீது, கால் ஸ்டாரு எவ கொறச்சான்னு ஒரு வருசமா தேடறேன். அது கெடக்குது. பை. எம் மொத மூணு மாசம் எனக்கு மறக்கல. அப்போ வேற செக்யூரிட்டி. சாயங்காலம் போறப்போ மேசை மேல பையைக் கவுப்பான். சீப்பு, மாத்திரை, பஸ்ஸு டிக்கெட்டு, சோத்து டப்பா. டப்பாவைத் தொறந்து மோந்து பாப்பான். ஒரு நாளு, எனக்கு அந்த மூணு நாளு, பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தேன், அத்தயும் பிரி பிரின்னான். பின்னாடி பத்து ஆம்பளைங்க கொத்து வேலை முடிச்சு நிக்கறானுங்க. பிரிச்சேன். அவன் கைய ஒதறினான் பாரு, அந்த ஒதறலு இப்பவும் எம் முதுகுல கீது. தொண்ணூறு நாளு அப்பிடிக் காட்டிட்டுத்தான் பழைய ஆளு ஆனேன். இன்னிக்குப் பையில இன்னா கீது? பெரியபாளையத்து குங்குமம், தியாவுக்கு ஒரு பொம்மை வாங்கினேன், மேடத்துக்கு வேப்பெலை சுத்தின எலுமிச்சம்பழம். இதத் தொறந்து மேசையில பரப்பி, நான் திருடி இல்லன்னு இன்னொரு வாட்டி நிரூபிக்கணும், ஏன்னா எனக்கு முடி இல்ல. வட்டம் சுத்துது. இன்னும் தொறக்கல அந்தப் பதிவுப் பக்கம். சுத்து, சுத்திக்கினே இரு. நீ சுத்தறதுக்கு நான் ஏன் நிக்கணும்?

பயம் இல்லையான்னா, கீது. இந்த வேலை போனா பக்கத்து பில்டிங்குலயும் இதே பலகைதான், இதே பொம்பள கொரலுதான், அங்கயும் ராணிங்க நெறைய பேரு. ஆனா ஊசி உள்ள போறப்போ இருந்த பயத்துல இது கால்வாசி கூட வராது. நான் அந்தக் கட்டில்லருந்தே எறங்கி வந்தவ. தணிகாசலத்தாண்ட கேட்டேன், “பழைய நோட்டு எங்க?” அவருக்குப் புரியல. “மெஷினு வரதுக்கு முன்னாடி எல்லாரும் பேரு எழுதிட்டுப் போவோமே, அந்த நோட்டு.” மேசை அடியில குனிஞ்சு, கொடை, டார்ச்சு எல்லாத்தையும் தள்ளி எடுத்தாரு, தூசி, அட்டையில டீ கிளாசு வட்டம். கடைசியா எழுதியிருந்தது ரெண்டு வருசத்துக்கு மின்னாடி, ஒரு வாட்டர் கேன் காரரு. அதுக்குக் கீழ எழுதினேன். தேதி. நேரம் எட்டு முப்பத்தொம்போது. பேரு, தேசராணி. ராணி நாலு இல்ல. எந்த வூடு, பி எழுநூத்தி நாலு. வந்த காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, கொஞ்சம் யோசிச்சேன், கேள்வி கேக்கன்னு எழுதினேன். பேனாவ அவரு கையில குடுத்துட்டு, கேட்டுக் குறுக்குக் கம்பிக்கு அடியில குனிஞ்சேன். அம்மனுக்கு அப்பால நான் குனியறது இதுதான் கடைசி. “யம்மா, யம்மா”ன்னாரு தணிகாசலம், ஆனா சேரை வுட்டு எழுந்திரிக்கல. எழுந்தா புடிக்கணும்ல, அதான். பின்னாடி பலகை என்னமோ சொல்லிக்கினே இருந்துச்சு, நான் திரும்பல.

சர்வீஸ் லிஃப்ட்டுக்குக் காத்திருக்கல, வூட்டுக்காரங்க போற பெரிய லிஃப்ட்டுலயே ஏறினேன். ஏழு. காலிங்பெல்லுல காமிரா கீது, அமுக்கினா அவ போன்ல எம் மூஞ்சி வரும், திரும்பவும் அதே கதை. அமுக்கல. கையால தட்டினேன், கதவு அதிர்ற மாதிரி. தொறந்தா. காதுல வெள்ளை, கையில போனு, அவ கண்ணு மொதல்ல எந்தலைக்குப் போயி அப்பால கீழ எறங்குச்சு. “ராணி! ஐயோ, முடி என்னாச்சு?” கோயிலுக்குக் குடுத்துட்டேன் மேடம்ன்னேன். “சொல்லவே இல்ல. உள்ள வா. ஏய், கேட்டுல யாரோ ஒரு ஆள் போட்டோ அனுப்பினாங்க, பிளம்பர்னு நெனச்சு ரிஜெக்ட் பண்ணிட்டேன்.” ஆக பாத்திருக்கா. பாத்துத்தான் அமுக்கியிருக்கா. நான் யோசிச்ச மூணுலயும் இது இல்ல. “அந்த பிளம்பரு நான்தான் மேடம்.” போனத் தூக்கிப் பாத்தா, என்னைப் பாத்தா, போனப் பாத்தா. “அப்போ நீ எப்பிடி உள்ள வந்தே? எனக்கு நோட்டிஃபிகேஷனே வரலையே.”

“நடந்து வந்தேன் மேடம்.”

“சாரி ராணி, சரி, நான் இப்பவே அசோசியேஷன் குரூப்புல போட்டுடறேன்”னு பெருவெரல போன் மேல கொண்டு போனா. போனு வேணாம்ன்னேன். கொரலு எனக்கே புதுசா இருந்துச்சு. மொட்டைத் தலையில கொரலு நல்லா எதிரொலிக்குது போல. “ஆஸ்பத்திரி போறேன்னேன், வெரல் காட்டுனீங்க. கேட்டுல நின்னேன், வெரலால தள்ளிட்டீங்க. இப்பவும் வெரலா? கீழ வாங்க. தணிகாசலத்தாண்ட வந்து வாயால சொல்லுங்க, இவ தேசராணி, ஒம்போது வருசமா எங்க வூட்டுல கீறா, இவ பையை எவனும் தொறக்கக் கூடாதுன்னு. நாலு பேரு காதுல வுழுவணும். அப்பால நான் தொடப்பம் எடுக்கறேன். வரலன்னா நான் போறேன், போறப்பவும் நடந்துதான் போவேன்.” மீட்டிங்குல இருக்கேன்னு வாயெடுத்தா. அவ காதுலருந்த அந்த வெள்ளையில எவனோ பேசிக்கினே இருக்கான், எறும்பு மாதிரி சத்தம் எனக்கே கேக்குது. “எந்த ஆஸ்பத்திரி? எதுக்கு?”ன்னா, மெதுவா. ஒம்போது வருசத்துல எம் ஒடம்பப் பத்தி ஒரு கேள்வி. “லிஃப்ட்டுல சொல்றேன், வாங்க”ன்னேன். போயி லிஃப்ட்டு கதவுக்கு நடுவுல கால வெச்சுக்கினு நின்னேன். கதவு மூட வருது, எங்காலு பட்டுத் தொறந்துக்குது, திரும்ப மூட வருது. பையில எலுமிச்சம்பழம் உருளுது. உள்ள மேடம் செருப்பத் தேடற சத்தம், ஒண்ணு தள்ளி ஒண்ணு, அவளுக்குக் கெடைக்காது, எனக்குத் தெரியும்.

“ரெண்டாவது தட்டுல பாருங்க மேடம்,” குரல் குடுத்தேன். “நான்தான் வெச்சேன்.”